வளைகோல் வேந்தர் தியான்சந்த்

திருத்தணிகை மலைமேல் கோயில் கொண்டிருக்கும் முருகனை வழிபடப் படிவழியே செல்வோர் 365 படிகளை ஏறுகின்றனர். ஆண்டின் நாள்களும் 365. நாளுக்கு ஒரு படியாக ஏறினும் ஓராண்டில் உச்சியை அடையலாம் என்னும் கருத்தை அப்படிகள் நமக்கு உணர்த்துவன போலும்! ஆந்திர எல்லையை அடுத்து அமைந்த அவ்வூரில், 1888-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பிறந்தார். ஆசிரியராக வாழ்வைத் தொடங்கி, நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த அப்பெரியாரின் பிறந்த நாளை நாம் ஆசிரியர் நாளாகக் கொண்டாடுகிறோம். அந்நாளுக்குச் சரியாக ஒரு வாரம் முன்னர், ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள் மற்றொரு விழா வருகிறது. அது தேசிய விளையாட்டு நாள். அறிவைப் போற்றும் நாளும் ஆடலைப் போற்றும் நாளும் இவ்வாறு அடுத்தடுத்து அமைந்திருப்பது பொருத்தமே. விளையாட்டு நாள் யாருடைய பிறந்த நாள்? வளைகோற்பந்து எனப்படும் ஹாக்கி ஆட்டத்தில் உலகம் வியக்கும் வண்ணம் ஆடிய தியான்சந்தின் பிறந்த நாள். அவர் வாழ்க்கையும் படிப்படியாக ஏறிய வாழ்க்கையே ஆகும்.

பிறப்பும் இளமையும்

தியான்சந்த் 1905-ஆம் ஆண்டு அலகாபாத் நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் தியான்சிங் என்பது. தந்தையார் படையில் பணியாற்றியவர். படைவீரரின் குடும்பம் ஓரிடத்தில் நிலைத்து வாழ்தல் அரிது. ஊர்விட்டு ஊர் மாறிச் சென்ற அக்குடும்பம், இறுதியில் ஜான்சி நகரில் தங்கியது. இம்மாற்றங்களால் தியான்சிங்கின் கல்வி ஆறாண்டுகளோடு நின்றுவிட்டது. இளமையில் அவர் உள்ளம் மற்போரிலேதான் ஈடுபட்டிருந்தது. ஹாக்கி மட்டையைப் பிடித்துச் சிறப்பாக ஆடியதாக அவர் இளமையைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பிற்காலத்தில் பெரும்புகழ் எய்தியோர் யாவரும் தொட்டிலிலேயே அதற்கான அறிகுறி காட்டினர் என்று எண்ணுவது பிழை என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

1922-ஆம் ஆண்டில், ஏறக்குறைய பதினேழாம் அகவையில், அவர் தில்லியில் முதலாம் பிராமணர் படைப்பிரிவில் எளிய சிப்பாயாகச் சேர்ந்தார். அங்கேதான் அவருக்கு ஓர் ஆசான் வாய்த்தார்.

ஆசானும் பயிற்சியும்

அப்படைப்பிரிவில் சுபேதார் மேஜராக இருந்தவர் பாலே திவாரி என்பவர். அவர் ஹாக்கியில் பெருவிருப்பமுடையவர். இளைஞர் தியான்சிங்கிடம் பந்தை மட்டையோடு பிணைத்தாற்போல் கொண்டு செல்லும் திறம் இருப்பதை அவர் கண்டார். அதனைக் கண்டு மகிழ்ந்ததோடு அவர் நின்றுவிடவில்லை. அத்திறத்திலேயே ஒரு குறை மறைந்திருப்பதையும் கண்டார். பந்தைத் தாமே நெடுந்தொலைவு உருட்டிச் செல்வதில் இளைஞருக்கு இன்பம் மிகுதி. ஆனால் ஒருவன் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருக்குந்தோறும், எதிரிகள் ஒன்றுகூடி வழிமறிப்பதற்கு நேரம் கிடைத்துவிடுகிறது. உரிய நொடியில் பந்தைத் தோழனுக்குத் தள்ளிவிட்டால், மறிக்க வந்தவர் வெற்றிடத்தை மறித்து நிற்பர். ஹாக்கி பதினொருவர் ஆடும் ஆட்டம். ஒருவர் ஆடும் ஆட்டமன்று. இவ்வுண்மையைத் திவாரி தம் மாணவர் நெஞ்சில் ஆழப் பதியவைத்தார்.

மாணவரும் அப்பாடத்தை மறந்தாரில்லை. பகலில் படைப்பணி இருந்தமையால், இரவில் நிலவொளியில் தனியே நின்று பயிற்சி செய்வார் என்றும், சந்திரனைத் துணையாகக் கொண்டமையால் தோழர் அவரைச் 'சந்த்' என்று அழைக்கலாயினர் என்றும் கூறுவர். தியான்சிங் தியான்சந்த் ஆயினார்.

1926-ஆம் ஆண்டில் இந்தியப் படையினரின் குழு ஒன்று நியூசிலாந்து சென்றது. அதில் இடம் பெற்றவருள் தியான்சந்தும் ஒருவர். அக்குழு 21 ஆட்டங்கள் ஆடி 18-இல் வென்றது. இரண்டில் வெற்றி தோல்வியின்றி முடித்தது. ஒன்றில் மட்டுமே தோற்றது. குழுவினர் அடித்த 192 கோல்களில் நூற்றுக்கு மேற்பட்டவை தியான்சந்த் அடித்தவை. திரும்பி வந்ததும் அவர் லான்ஸ் நாயக் பதவிக்கு உயர்த்தப்பெற்றார். சிப்பாயின் சட்டையில் ஏறிய அந்த முதற்பட்டை, அவர் ஏறிய முதற்படியாகும்.

இரண்டு ஒலிம்பிக்குகள்

1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் நகரில் நடைபெற்ற ஒலிம்பிக் பந்தயங்களில் இந்தியக் குழு முதன்முறையாக ஹாக்கி ஆடியது. ஜெய்பால்சிங் தலைவர். தியான்சந்த் நடு முன்னணி ஆட்டக்காரர். ஆஸ்திரியா, பெல்ஜியம், டென்மார்க்கு, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளை வென்ற இந்தியா, இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை 3 கோல் வேறுபாட்டில் வென்றது. இறுதி நாளன்று தியான்சந்த் காய்ச்சலால் துன்புற்றிருந்தார். எனினும் களம் புகுந்து ஆடினார். ஐந்து ஆட்டங்களில் இந்தியா 29 கோல்கள் அடித்தது. அவற்றுள் 14 தியான்சந்த் அடித்தவை. இந்தியாவுக்கு எதிராக ஒரு கோல்கூட விழவில்லை.

1932-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் மீண்டும் தங்கப் பதக்கம் கிடைத்தது. அங்கே ஐக்கிய அமெரிக்கக் குழுவை இந்தியா 24-க்கு 1 என்னும் கணக்கில் வென்றது. அவ்வாட்டத்தில் தியான்சந்த் 8 கோல்களும், அவர்தம் தம்பி ரூப்சிங் 10 கோல்களும் அடித்தனர். தம்பி தம்மினும் மிகுதியாக அடித்ததில் அண்ணனுக்குக் குறை ஏதும் இல்லை. பந்தைத் தோழனுக்கு அளிப்பதே ஆட்டத்தின் அறம் எனக் கற்றவரல்லரோ அவர்!

ஆயினும் அவர் மிகவும் போற்றிய ஆட்டம் ஒலிம்பிக் ஆட்டங்களுள் ஒன்றன்று. 1933-ஆம் ஆண்டு கல்கத்தாவில் நடந்த பெய்ட்டன் கோப்பை இறுதி ஆட்டமே அது. ஜான்சி வீரர் குழுவும், வலிமை மிக்க கல்கத்தாச் சுங்கக் குழுவும் மோதின. ஆட்டம் முழுதும் சுங்கக் குழுவே தாக்கிக்கொண்டிருந்தது. ஜான்சியினர் தம் இலக்கைக் காப்பதிலேயே பொழுதைக் கழித்தனர். ஆனால் தாக்குவோர் முன்னேற முன்னேற, அவர்களுக்குப் பின்னே வெட்டவெளி விரிந்துகொண்டு போவதைத் தியான்சந்த் கண்டார். பிற்பாதியில் பந்து கையகப்பட்ட ஒரு நொடியில், அதனைத் தாம் உருட்டிச் செல்லாமல், அவ்வெளியில் நெடுந்தொலைவு அனுப்பினார். விரைந்தோடும் இஸ்மாயில் என்னும் தோழர் அதனைத் துரத்திப் பிடித்துக் கோல் அடித்தார். அந்த ஒரே கோலால் ஜான்சிக்குக் கோப்பை கிடைத்தது. கோல் அடித்தவர் இஸ்மாயில். அதற்கு வழி கண்டவர் தியான்சந்த்.

பெர்லினில் நேர்ந்த அதிர்ச்சி

1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்குக்குச் செல்லும் குழுவுக்குத் தியான்சந்தே தலைவராக்கப்பட்டார். தலைமை என்பது பெருமை மட்டுமன்று, பெருஞ்சுமையும் ஆகும். இருமுறை வென்ற நாடு மூன்றாம் முறையும் வெல்லும் என்றே அனைவரும் எதிர்பார்த்தனர். அவ்வாறு எதிர்பார்க்கப்படுவோர்க்குத் தோல்வி இருமடங்கு கசக்கும்.

பெர்லினை அடைந்தபின், ஜூலைத் திங்கள் 17-ஆம் நாள், செர்மானியக் குழுவோடு ஒரு பயிற்சி ஆட்டம் நடந்தது. இந்தியா 1-க்கு 4 என்னும் கணக்கில் தோற்றது. அஃது ஒலிம்பிக் ஆட்டமன்று. பதக்கத்திற்கு அதனால் இழப்பில்லை. பயண அலுப்பால் தோற்றோம் என்று சொல்லி மறந்துவிடலாம். தியான்சந்த் அவ்வாறு மறந்தாரில்லை. செர்மானியர் இந்தியரின் ஆட்டத்தைக் கூர்ந்து கற்றுள்ளனர் என்பதையும், தம் குழுவின் முன்னணியில் வலிமை குன்றிய இடம் உள்ளது என்பதையும் அத்தோல்வி அவருக்கு எடுத்துக்காட்டியது.

அக்காலத்து ஹாக்கியில் ஒரு குழுவினர் நின்ற முறையை இங்கு அறிதல் வேண்டும். முன்னணியில் ஐவர், இடையணியில் மூவர், பின்னணியில் இருவர், இலக்கருகே காவலர் ஒருவர். முன்னணி ஐவருள் நடுவே நிற்பவர் தியான்சந்த். இடப்பக்கத்தில் அவரை அடுத்து ரூப்சிங் நின்றார். வலப்பக்கத்தில் அடுத்து நிற்பவர் உள்வல ஆட்டக்காரர். நடுவில் நிற்பவர் பந்தை இருபுறமும் மாற்றி மாற்றி அனுப்பினால்தான் எதிரிகள் எப்பக்கம் காப்பது என்று திகைப்பர். ஒரு பக்கம் தளர்ந்திருந்தால், அவர்கள் மறுபக்கத்தை மட்டும் மறித்து நிற்பார்கள். ஆகவே உள்வல இடத்திற்குத் தக்க ஒருவர் வேண்டும் எனக் குழுவினர் முடிவு செய்தனர். தொடக்கத்தில் குழுவோடு வர இயலாதிருந்த படைவீரர் தாராவை உடனே அனுப்புமாறு தாய்நாட்டிற்குச் செய்தி சென்றது. அவர் வானூர்தி வழியே விரைந்து வந்து, அரையிறுதி ஆட்டத்திற்கு முன் குழுவோடு சேர்ந்தார்.

தலைவர் ஒருவர் தம் குழுவில் குறை உண்டு என்று ஒப்புக்கொள்வது எளிதன்று. காலத்தே ஒப்புக்கொண்டமையால் மருந்து கிடைத்தது. அங்கேரியை 4 கோலிலும், ஐக்கிய அமெரிக்காவை 7 கோலிலும், சப்பானை 9 கோலிலும், அரையிறுதியில் பிரான்சை 10 கோலிலும் இந்தியா வென்றது. எதிராளிகள் ஒருவரும் ஒரு கோலும் அடிக்கவில்லை. இறுதி ஆட்டம் செர்மனியுடன் என்றாயிற்று.

இறுதி ஆட்டம்

இறுதி ஆட்டம் ஆகஸ்டு 14-ஆம் நாள் நடைபெறுவதாக இருந்தது. மழையால் அது மறுநாளைக்குத் தள்ளிவைக்கப்பட்டது. முன்பு நேர்ந்த தோல்வியின் நினைவு வீரர் அனைவர் உள்ளத்தையும் அழுத்திற்று. அக்காலத்தில் நம் நாடு அடிமைப்பட்டிருந்தது. நம் வீரர் ஆங்கிலேய ஆட்சியின் கொடியின்கீழ் ஆட வேண்டியவராயிருந்தனர். ஆட்டத்திற்குச் செல்லுமுன், உடை மாற்றும் அறையில், குழுவின் துணை மேலாளர் பங்கஜ் குப்தா, காங்கிரசின் மூவண்ணக் கொடியை எடுத்து விரித்தார். வீரர் அனைவரும் அதனை வணங்கிக் களம் புகுந்தனர்.

அப்பதினொருவர் யாவர்? இலக்குக் காவலர் ஆலன். பின்னணியில் டாப்செல், உசேன். இடையணியில் நிர்மல், கல்லன், கலிபார்டி. முன்னணியில் ஷாபுதீன், தாரா, தியான்சந்த், ரூப்சிங், சாபர். இந்துக்களும், முகமதியரும், கிறித்தவரான ஆங்கிலோ இந்தியரும் அவருள் இருந்தனர். பல சமயத்தார் ஒரு கைவிரல்கள்போல் இயங்கினர்.

ஆட்டம் தொடங்கியது. செர்மானியர் முதலிலிருந்தே விரைந்து ஆடினர். மழை பெய்த தரை ஈரமாயிருந்தது. ஈரத்தரையில் பந்து விரைந்து உருளாது. இந்தியர் கைவந்த கலையாகக் கொண்டிருந்த குறுந்தள்ளல்கள் அங்கே பயன் குன்றும். இதனை உணர்ந்தவர்போல் செர்மானியர் பந்தை அடியில் வெட்டித் தரைக்கு மேலே எழுப்பி அடித்தனர். முற்பாதி முடியும் தறுவாயில் ரூப்சிங் ஒரு கோல் அடித்தார். அந்த ஒரு கோலே முற்பாதியின் விளைவு. முந்திய ஆட்டங்களில் கோல்களை வாரிக் குவித்த குழுவுக்கு இது போதுமோ? ஒரு கோல் முன்னணி என்பது ஒரு நொடியில் அழிந்துவிடக்கூடியது.

இங்கே ஓர் ஒப்புமை நோக்கத்தக்கது. கனடா முதலிய குளிர்நாடுகளில் உறைந்த பனித்தரைமேல் ஆடப்படும் ஹாக்கி ஒன்று உண்டு. அதில் காவலர் உட்பட ஒரு பக்கத்திற்கு அறுவரே ஆடுவர். காலணியில் பொருத்திய இரும்பலகால் வழுக்கிச் சென்று, பந்துக்கு மாறாக ரப்பர் வட்டு ஒன்றை அடிப்பர். இருபது நிமிடப் பகுதிகள் மூன்று. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே களைத்தவர் வெளியேறப் புதியவர் உட்புகலாம். பயிற்சியாளர் வீரர்களின் இருக்கைக்குப் பின்னே நின்று, எதிரியின் போக்கைக் கண்டு, யாரை அனுப்புவது, யாரை நிறுத்துவது என்று நொடிக்கு நொடி முடிவு செய்வார். தோற்கும் நிலையில் இறுதி நிமிடங்களில் காவலரையே வெளியேற்றிவிட்டுத் தாக்குவோர் ஒருவரைக் கூட்டுவதும் உண்டு. தியான்சந்த் ஆடிய காலத்துத் தரை ஹாக்கியில் இத்தகைய வசதி ஒன்றும் இல்லை. தொடங்கிய பதினொருவரே முடிவுவரை ஆடவேண்டும். வெளியிலிருந்து மாற்றாள் வாரார். 35 நிமிடப் பாதிகள் இரண்டுக்கும் இடையே கிடைக்கும் சிறு ஓய்வே தலைவர் சிந்திக்கும் நேரம். மாற்றம் வேண்டுமாயின், ஆடுவோர் தம் ஆட்டத்தையே மாற்றிக்கொள்ளுதல் வேண்டும்.

தியான்சந்த் அதனையே செய்தார். முள் பொருத்திய காலணியையும் காலுறையையும் களைந்தார். ரப்பர் அடியுடைய மெல்லிய காலணியோடு பிற்பாதியில் களமிறங்கினார். முன்னினும் விரைவாக ஓடினார். குழுவின் ஆட்டமும் மாறியது. தரையில் பந்து தயங்கியமையால், குறுந்தள்ளல்களோடு நெடுந்தொலைவு அடிகளையும் கலந்தனர். செர்மானியர் எழுப்பி அடித்த பந்துகளைத் தரையைத் தொட்டெழும் நொடியிலேயே தட்டித் திருப்பினர். எதிரியின் படைக்கலமே எதிரிக்கு எதிராயிற்று. தாரா இருமுறை பந்தை இலக்குள் செலுத்தியும், விதிக்கு அப்பாற்பட்ட இடத்தில் நின்றார் என்று நடுவர் அவற்றை ஏற்கவில்லை. அதனால் மனந்தளராது அனைவரும் மேலும் மேலும் தாக்கினர். கோல்கள் அடுத்தடுத்து விழுந்தன.

தோல்வி நெருங்குவதைக் கண்ட செர்மானியர் முரட்டுத்தனமாக ஆடலாயினர். அவர்களுடைய இலக்குக் காவலரோடு மோதியதில் தியான்சந்தின் பல் ஒன்று உடைந்தது. முதலுதவி பெற்று அவர் களத்திற்கு மீண்டார். பழிக்குப் பழி வாங்க அவர் எண்ணியிருந்தால் எவரும் வியந்திரார். ஆனால் அவர் தோழர்க்குக் கூறிய வழி வேறு. பந்தை எவ்வாறு அடக்கி ஆளுவது என்பதை எதிரிகளுக்குக் காட்டுவோம் என்பதே அவர் கருத்து. இந்தியர் பந்தைச் செர்மானியர் இலக்கு வட்டம்வரை கொண்டு சென்று, கோல் அடிக்காமலே திரும்பக் கொணர்ந்தனர், மீண்டும் கொண்டு சென்றனர், மீண்டும் திருப்பினர். சினத்திற்கு விடையாகக் கலையையே அளித்த அச்செயல், கோல்களினும் உயர்ந்த வெற்றியன்றோ!

ஆட்டம் முடிந்தது. இந்தியா 8; செர்மனி 1. ஒலிம்பிக் ஆட்டங்கள் ஐந்திலும் இந்தியா 38 கோல்கள் அடித்தது. அதற்கு எதிராக விழுந்தது அந்த ஒரே கோல்தான். நான்கு வாரங்களுக்கு முன் தோற்ற குழு, தன் தோல்வியையே ஆசானாகக் கொண்டு வென்றது. அன்று 1936 ஆகஸ்டு 15. பதினோர் ஆண்டுகள் கழித்து, அதே ஆகஸ்டு 15-ஆம் நாளில், உடை மாற்றும் அறையில் மறைவாக வணங்கப்பட்ட மூவண்ணத்தின் வழிவந்த கொடி, விடுதலை பெற்ற நாட்டின் கொடியாக வெளிப்பட விளங்கிற்று.

காலத்தின் கோலம் விந்தையானது. நாடு பிரிந்தபின், தியான்சந்துக்கு வலக்கை போல் உதவிய தாரா, 1948-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் பாகிஸ்தான் குழுவின் தலைவராக ஆடினார்.

பிற்கால வாழ்வு

இரண்டாம் உலகப்போர் காரணமாக 1940, 1944-ஆம் ஆண்டுகளில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெறவில்லை. தியான்சந்தின் ஆட்டக்காலம் அவ்வாறே கழிந்தது. 1952-ஆம் ஆண்டில் அவருடைய தன்வரலாறு நூலாக வெளிவந்தது. அதனை வெளியிட்ட பெருமை நம் சென்னை நகருக்கு உரியது. அங்கிருந்து வெளிவந்த 'ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்' என்னும் விளையாட்டு இதழினரே அதனை அச்சிட்டனர். 1956-ஆம் ஆண்டில் அவர் மேஜர் பதவியோடு படையிலிருந்து ஓய்வு பெற்றார். அவ்வாண்டிலேயே அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது.

ஓய்வுக்குப் பின் அவர் பாட்டியாலாவிலுள்ள தேசிய விளையாட்டுப் பயிற்சி நிலையத்தில் ஹாக்கித் தலைமைப் பயிற்சியாளராகப் பணியாற்றினார். ஒரு காலத்தில் பாலே திவாரி தமக்குச் செய்ததை, அவர் இளந்தலைமுறைக்குச் செய்தார். பெற்ற கல்வியைப் பிறர்க்கு வழங்கும்போதுதான் கடன் தீர்கிறது.

அவருடைய மகன் அசோக்குமாரும் சிறந்த ஆட்டக்காரர். 1975-ஆம் ஆண்டு கோலாலம்பூரில் நடந்த உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில், பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியாவின் வெற்றிக் கோலை அடித்தவர் அவரே.

உலகப் புகழ் பெற்ற வீரரின் இறுதி நாள்கள் வளமாக அமையவில்லை. பொருட்குறையும் நோயும் அவரை வருத்தின. 1979-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் தில்லி மருத்துவமனையில் அவர் இயற்கை எய்தினார். ஜான்சியில் அவர் ஆடிப் பழகிய ஆட்டக்களத்திலேயே அவர் உடல் எரியூட்டப்பட்டது. அடுத்த ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியா மீண்டும் தங்கம் பெற்றது. அக்குழுவின் தலைவர் தமிழகத்தைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். தியான்சந்தின் பெயர் இன்று தில்லியிலுள்ள தேசிய விளையாட்டரங்கிற்கும், 2021-ஆம் ஆண்டு முதல் நாட்டின் உயரிய விளையாட்டு விருதுக்கும் சூட்டப்பட்டுள்ளது. மறைந்தபின் அளிக்கும் மாலையினும், வாழும்போது அளிக்கும் ஆதரவு சிறந்தது என்பதை நாம் மறத்தல் ஆகாது.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

மாணவர்களே! தியான்சந்த் பெற்ற பதக்கங்களை எண்ணி வியப்பதோடு நில்லாதீர்கள். அவர் மூன்று நற்பண்புகளால் உயர்ந்தார். தனக்குக் கிடைத்த பந்தைத் தோழனுக்கு அளித்தார். சிறு தோல்வியையும் புறக்கணியாமல் அதன் காரணத்தை ஆராய்ந்தார். நிலைமை மாறியபோது தம் பழக்கத்தையும் மாற்றிக்கொண்டார். தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்ற மாணவனும், களத்தில் தோற்ற குழுவும் செய்யத்தக்கவை இவையே. தணிகைமலையின் படிகளை ஒரே தாவலில் கடப்பவர் எவருமில்லை. ஒரு படியில் கால் இடறினால், அந்தப் படியை நன்கு நோக்கி, அடுத்த அடியைத் திருத்தமாக வைப்பவனே உச்சியை அடைவான்.